கத்தரிக்கோல் அண்ணை வெட்டிய படம்

வன்னியில் யார் பெரிய ஆள், யார் சின்ன ஆள் என்று அந்த நாட்களில் தீர்மானித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எந்த மேடையும் ஏறியதில்லை. எங்கள் கிளிநொச்சி அலுவலக மூலையில், மின்விசிறிக் காற்றுப் படாத கதிரையில் இருந்தார். எல்லாருக்கும் அவர் கத்தரிக்கோல் அண்ணை.

சமாதான காலம். எங்கள் செய்தித்தளத்தில் படம் ஏற்றத் தெரிந்தவர் அவர் மட்டும்தான். செய்மதி வழி வரும் இணைய லைன் ஊர்ந்து ஊர்ந்து போகும். முழுப்படம் ஏறுவதற்குள் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிடும். அதனால் கணினியில் ஓரங்களை வெட்டி எறிவார். ஓரத்தில் நின்றவர்கள் வெளிநாட்டு வாசகர்களுக்குப் பிறக்காதவர்கள்.

இது வெளியே தெரிந்த பிறகு ஒருவரும் ஓரத்தில் நிற்பதில்லை. அக்கராயனில் ஒரு வாசிகசாலைத் திறப்புவிழாவில் நடுவுக்கு முண்டியடித்ததில் ரிப்பன் தானாகவே அறுந்தது.

ஒரு பிரமுகர் கச்சான் கடலைப் பையோடு அண்ணையிடம் வந்தார். "தம்பி, போனமுறை என்ர தோள்மூட்டு மட்டும்தான் வந்தது."

"அடுத்தமுறை தோளைக் கொண்டுவராதேங்கோ ஐயா. முகத்தோட மட்டும் வாங்கோ. லைன் தாங்காது."

பிறகு சுனாமி. கடல் ஊருக்குள் வந்தது. முல்லைத்தீவுக் கரையில் இருந்த என் அம்மாவைப் பற்றி மூன்று நாட்களாக ஒரு தகவலும் இல்லை. நோர்வேயில் இருக்கும் என் தம்பி எங்கள் தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அன்று மாலை நிவாரண முகாமிலிருந்து ஒரு படம் வந்தது. நீள மேசையின் ஒரு பக்கம் மேலிடத்துப் பெரியவர் ஒருவர் அரிசிப் பொதியை நீட்டுகிறார். மறுபக்கம் அதை வாங்குவது என் அம்மா.

"ஐயோ, என்ர அம்மா!" கத்திவிட்டேன். அழுதும்விட்டேன்.

அலுவலகப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "பெரியவற்ர முகம் வடிவா விழவேணும். டீசல் அரை மணித்தியாலத்துக்குத்தான் இருக்கு." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு முகத்தையும் லைன் தாங்காது. "அண்ணை, தம்பி அங்க துடிச்சுக்கொண்டிருப்பான்."

"சொந்த விசயம் லைனில போகாது எண்டு தெரியும்தானே?" திரும்பாமலே சொன்னார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலிருந்தது. மவுஸ் மெல்ல நகர்ந்தது. பெரியவர் மறைந்தார். மிஞ்சியது அரிசிப் பொதியும் அம்மாவும்.

"அம்மான்ர பேர் என்ன?" என்றார். "கீழ போடவேணும்."

மறுநாள் தம்பியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'அம்மா' என்று ஒரே ஒரு சொல்.

அந்தக் கிழமையே அண்ணையைத் தர்மபுரத்துக்குத் தண்ணீர்ப் பம்ப் பார்க்க அனுப்பினார்கள். வேலை தெரிந்தவனை அந்த வேலையிலிருந்து தூக்குவதில் எல்லா நிர்வாகமும் ஒன்றுதான். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நன்றி சொல்லச் சைக்கிளில் போனேன்.

"அம்மான்ர வலது தோள் கொஞ்சம் வெட்டுப்பட்டிட்டுது," என்றார். "குறை நினைக்காதையும்."

பிறகு யுத்தம். அண்ணையைக் கடைசியாக உடையார்கட்டில் கண்டதாக ஒருவர் சொன்னார். காணாமற்போனோர் பட்டியல்கள் எத்தனையோ பார்த்துக் களைத்துவிட்டேன். அவரின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்டு வைக்காத மடையன் நான். எந்தப் பெயரைத் தேடுவது? படமும் இல்லை. எல்லாரையும் நடுவில் வைத்தவர் ஒரு படத்திலும் நிற்கவில்லை. எங்காவது ஒன்று கிடைத்தால், அதன் ஓரத்தில் ஒரு நூலளவுகூட வெட்ட விடமாட்டேன்.