இருநூற்றெழுபது பவுண்டு ரகசியம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கட்டில் உடைந்தது.

"நான் மெதுவாத்தான் சார் உட்கார்ந்தேன்," என்றான் லைல், தரையில் இருந்தபடியே.

"சத்தம் போடாதே தம்பி!"

"நான் போடலை சார். கட்டில்தான் போட்டுச்சு."

மெல்வின் டெஷ்கே ஜன்னல் திரையை இரண்டு விரல்களால் விலக்கி வெளியே பார்த்தார். விடுதியின் முற்றத்தில் யாரும் இல்லை. இன்னும் நான்கு நாட்கள். நான்கு நாட்கள் இந்தப் பையனை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும்.

பையனின் பெயர் லைல் ஹூக்ஸ்ட்ரா. ஆறடி ஐந்தங்குலம், இருநூற்றெழுபது பவுண்டு எடை. ஐயோவாவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் எதிராளிகளை இடித்துத் தள்ளி, பின்னால் பந்தோடு ஓடிவருபவனுக்கு வழி உண்டாக்குவது அவன் வேலை. சனிக்கிழமை தேர்வு நாள். தொழில்முறை அணிகள் வரிசைப்படி கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். 1964இல் பழைய லீக், புதிய லீக் என்று இரண்டு இருந்தன. இரண்டுமே ஒரே பையனைப் பெயர் சொல்லலாம். எந்த அணியின் காகிதத்தில் அவன் முதலில் கையெழுத்துப் போடுகிறானோ, அந்த அணிக்குத்தான் அவன்.

ஆகவே ஒவ்வொரு அணியும் தான் கண் வைத்த பையனை ஒரு வாரம் முன்பே எங்காவது கொண்டுபோய் ஒளித்து வைக்கும். அவன் கூடவே இருக்க ஓர் ஆளைப் போடும். அந்த வேலைக்கு அணிகளுக்குள் 'ஆயா' என்று பெயர்.

மெல்வின் பழைய லீக்கின் மில்வாக்கி அணியின் ஆயா. போன வாரம் வரை மாமனாரின் கடையில் தரைக்கு ஒட்டும் லினோலியம் விற்றுக்கொண்டிருந்தவர். மில்வாக்கி மேலாளர் ராஃபர்ட்டி அவரை ஐந்து நிமிடம் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். மெல்வின் இரண்டுக்கும் தப்பாகப் பதில் சொன்னார். "நீதான்யா ஆளு," என்றார் ராஃபர்ட்டி. "கையெழுத்தைச் சனிக்கிழமை நான் வாங்கிக்கறேன், அதுவரை ஒளிச்சு வை. இதை நல்லபடியா முடி, நிரந்தர வேலை தர்றேன்."

முடிக்காவிட்டால் மறுபடியும் லினோலியம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாமனார் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: "போய்ட்டு வா மாப்பிள்ளை. பச்சைக் கட்டம் போட்ட சுருள் நாற்பது வந்திருக்கு. திங்கட்கிழமை நீதான் அடுக்கணும்."

கதவு தட்டப்பட்டது.

"என்ன சத்தம் அது?" விடுதிக்காரி திருமதி ஹால்வர்சன் உள்ளே வந்துவிட்டாள். கட்டிலைப் பார்த்தாள். லைலைப் பார்த்தாள். பார்த்து முடிக்கச் சற்று நேரம் ஆனது. "யாருங்க இது?"

ராஃபர்ட்டி கொடுத்த குறிப்பில் 'யாராவது கேட்டால் ஏதாவது சாதாரணத் தொழிலைச் சொல்லவும்' என்று இருந்தது.

"என் மச்சான்," என்றார் மெல்வின். "பல் டாக்டர்."

திருமதி ஹால்வர்சனின் முகம் மலர்ந்தது. அது ஏன் என்று மெல்வினுக்கு அப்போது விளங்கவில்லை. அந்த ஊரில் மூன்று வருடமாகப் பல் டாக்டர் இல்லை.

மதியத்துக்குள் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து பேரும் கன்னத்தைப் பிடித்திருந்தார்கள்.

"டாக்டர் ஓய்வுல இருக்கார்," என்றார் மெல்வின்.

"நாங்களும் ஓய்வாத்தான் இருக்கோம்," என்றார் முன்னால் நின்ற தபால்காரர். "காத்திருக்கோம்."

மெல்வின் கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டார்.

"நான் வேணா பார்க்கட்டுமா சார்?" என்றான் லைல். "எங்க பண்ணையில பன்னிக்குட்டிக்குப் பல் வெட்டுறது நான்தான். வருஷத்துக்கு நானூறு குட்டி."

"அவர் தபால்காரர்டா!"

"அவரு கடிக்க மாட்டாரே சார். இன்னும் சுலபம்."

வேறு வழி தெரியவில்லை. ஒரு பல்லைப் பார்த்தால் போய்விடுவார்கள் என்று மெல்வின் கணக்குப் போட்டார். லைல் தபால்காரரின் வாயில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விட்டான். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் அவன் சொன்னபடி கேட்டது. தபால்காரர் பல்லைக் கையில் வைத்துப் பார்த்தார். கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு வெளியே ஓடி, "வலிக்கவே இல்லைங்க!" என்று தெருவெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

தபால்காரர் ஊரில் எல்லா வீட்டுக்கும் போகிறவர்.

மாலையில் பத்தொன்பது பேர். மெல்வின் விடுதி அலுவலகத் தொலைபேசியில் மில்வாக்கியைக் கூப்பிட்டார். ராஃபர்ட்டியின் செயலாளர் திருமதி ஜெலின்ஸ்கி எடுத்தாள். முப்பது வருடமாக அங்கே இருப்பவள். மேலாளர்கள்தான் மாறுவார்கள்.

"யாராவது பார்த்தாங்களா தம்பி?"

"பத்தொன்பது பேரும்மா. தபால்காரரோட சேர்த்து."

மறுமுனையில் காகிதத்தில் எழுதும் சத்தம் கேட்டது. "பத்தொன்பது. சரி."

"நான் என்ன செய்யட்டும்?"

"உங்களுக்குத் தோணுறதைச் செய்யுங்க தம்பி," என்றாள் கனிவாக.

மெல்வினுக்குத் தோன்றியது, கூட்டத்தை விலையால் விரட்டுவது. புதன்கிழமை காலை கதவில் அட்டை ஒட்டினார்: 'ஒரு பல்லுக்கு இருபத்தைந்து டாலர்.'

அட்டையைத் திருமதி ஹால்வர்சன் இரண்டு தடவை படித்தாள். "இருபத்தைஞ்சா?" என்றாள். "அப்படின்னா சிகாகோவில பெரிய டாக்டரா இருக்கணும்."

பத்து மணிக்கு வங்கி மேலாளர் வந்தார். பதினொன்றுக்கு அடுத்த ஊர் மேயர் மனைவியோடு வந்தார். மெல்வின் அட்டையைக் கிழித்துவிட்டு ஐம்பது என்று எழுதினார். மூன்று மணிக்கு ஊர்ப் பத்திரிகை புகைப்படக்காரரோடு வந்தது. லைல் கையில் பல்லோடு சிரித்தான். அவனுக்குப் படம் எடுத்தால் சிரிக்கத்தான் தெரியும்.

"ஏன்டா சிரிச்ச?"

"அவங்க சிரிக்கச் சொன்னாங்க சார்."

"நான் ஒளியச் சொன்னேனே!"

"சொன்னீங்க. எங்கன்னு சொல்லலையே." லைல் அறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் பின்னால் ஒளியக்கூடியது அந்த அறையில் எதுவும் இல்லை. "சார், இன்னும் ரெண்டு கேலன் பால் கிடைக்குமா?"

அன்று மாலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் லைல். கீழே, 'வலியில்லா வைத்தியர்.'

ஓடிவிடுவது என்று முடிவானது. மெல்வினின் சிறிய காரில் லைலை ஏற்றினால் ஒரு பக்கம் தரையைத் தொட்டது. அதைப் பத்திரிகைக்காரர்கள் அறிந்துவிட்டார்கள் வேறு. ரொட்டிக் கடைக்காரரின் மூடிய வண்டியை, இரண்டு பல்லை இலவசமாகப் பார்ப்பதாகச் சொல்லி, மெல்வின் ஒரு நாளுக்கு இரவல் வாங்கினார். வியாழக்கிழமை காலை ஒன்பதுக்கு லைல் பின்னால், பூசணிக்காய் இனிப்பு அடைகளின் அடுக்குகளுக்கு நடுவே உட்கார, வண்டி புறப்பட்டது.

வியாழக்கிழமை நன்றி கூறும் நாள், நாடு முழுக்க வான்கோழி விருந்துப் பண்டிகை. அன்று ஒன்பதுக்கு ஊர்வலம் என்பது ஊரில் மெல்வினைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பிரதான வீதியில் திரும்பியபோது முன்னால் பள்ளிக்கூட வாத்தியக் குழு. பின்னால் காகிதத்தில் செய்த வான்கோழி ஒன்றை இழுத்துவரும் டிராக்டர். இரண்டு பக்கமும் ஜனம். நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. வண்டி மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் ஊர்ந்தது.

"சார், எல்லாரும் கை ஆட்டுறாங்க," என்றது பின்னாலிருந்து குரல்.

"ஆட்டட்டும். நீ கதவைத் திறக்காதே."

"மரியாதையா இருக்காது சார்."

பின்கதவு திறந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் தெரு முழுக்க, "டாக்டர்! டாக்டர்!" தபால்காரர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். லைல் வண்டியின் பின்படியில் நின்று ஒரு கையால் பூசணி அடையைத் தின்றபடி மறு கையை ஆட்டினான்.

நடைபாதையில் நின்ற ஒருவர் மட்டும் கை ஆட்டவில்லை. உயரமான தொப்பி, பாம்புத்தோல் பூட்ஸ், கையில் நேற்றைய பத்திரிகை. புதிய லீக்கின் டல்சா அணிக்கு ஆள் பிடிக்கும் ஹோமர் ப்ளெட்சோ. அந்த அணியின் முதலாளிக்கு எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. எத்தனை என்று அவருக்கே சரியாகத் தெரியாது.

ஹோமர் ஓடிவந்து வண்டியில் ஏறினார். அந்த வேகத்துக்கு ஓட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"தம்பி, நான் டல்சா. பதினைஞ்சாயிரம் டாலர். கையெழுத்துப் போடு."

மெல்வினுக்கு அனுமதி இருந்தது பத்தாயிரம் வரை. திரும்பிப் பார்த்தபடியே கத்தினார். "மில்வாக்கி பதினெட்டு!"

"இருபத்தைஞ்சு."

"முப்பது! அதோட அவங்க வீடு முழுக்க லினோலியம்!"

ஹோமர் யோசித்தார். லினோலியம் வரை இறங்கிவருகிறார்கள் என்றால் இவன் சாதாரண ஆள் இல்லை.

லைல் மெல்ல இருமினான். "ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு இடது முழங்கால் சரியில்லை. படி ஏறினா விட்டுப்போகும்."

மெல்வின் பதறினார். "வாயை மூடுடா!"

ஹோமர் சிரித்தார். "முழங்கால் கதையா? எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். அடுத்தவன் வந்தா நொண்டச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, இல்ல?"

"இல்லை சார், நெஜமாவே," என்றான் லைல்.

"எவ்வளவு இயல்பா சொல்றான் பாரு. நாப்பது!"

"நாப்பத்தஞ்சு!" என்றார் மெல்வின். அந்தப் பணம் யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஹோமர் இறங்கினார். முனையில் இருந்த மருந்துக் கடைக்குள் போய் டல்சாவுக்குத் தொலைபேசி போட்டார். பேசி முடித்து, ஒரு காபி வாங்கிக் குடித்து, வெளியே வந்தபோது வண்டி மூன்று கடை தள்ளித்தான் போயிருந்தது. மறுபடியும் ஏறினார்.

"எழுபதாயிரம். ஒரு கார். உங்கப்பாவுக்கு ஒரு டிராக்டர்."

லைல் திரும்பிப் பின்னால் வான்கோழியை இழுத்துவரும் டிராக்டரைப் பார்த்தான். "அந்த மாதிரியா?"

"அதைவிடப் பெருசு."

லைல் மெல்வினைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுக்குங்க சார். நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா எங்கப்பாவோட டிராக்டர் 1938ஆம் வருஷத்துது."

ரொட்டித் தட்டு ஒன்றின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். வாத்தியக் குழு உற்சாகமாக வாசித்தது.

மெல்வின் மில்வாக்கியைக் கூப்பிட்டுச் சொன்னபோது திருமதி ஜெலின்ஸ்கி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எவ்வளவுக்குப் போனான்?"

"எழுபதாயிரம். நான் வேற நாப்பத்தஞ்சு வரைக்கும் ஏத்திவிட்டுட்டேன்."

மறுமுனையில் மறுபடியும் காகிதத்தில் எழுதும் சத்தம். "வீட்டுக்குப் போய்த் தூங்குங்க தம்பி," என்றாள்.

சனிக்கிழமை மெல்வின் வானொலியை அணைத்து வைத்தார். மாமனார் அதைத் திரும்பப் போட்டார். புதிய லீக்கில் முதல் ஆளாகப் பெயர் சொல்லும் உரிமை டல்சாவுக்கு. அவர்கள் சொன்ன பெயர் லைல் ஹூக்ஸ்ட்ரா. ஒரு வாரமாக எங்கே போனான் என்று நாடே தேடிக்கொண்டிருந்த ராஸ்கோ டில்லரி என்ற, பந்தோடு ஓடும் ஆட்டக்காரனைப் பழைய லீக்கில் மில்வாக்கி எடுத்தது. டல்சா முதலாளி இந்த வருடத்துக்கு ஒதுக்கிய பணமெல்லாம் லைலுக்கே போய்விட்டது, டில்லரிக்கு விலை பேச மிச்சம் இல்லை என்று அறிவிப்பாளர் சொன்னார். மெல்வினின் காதில் இதெல்லாம் விழவில்லை. மாமனார் பச்சைக் கட்டச் சுருளை அளந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை மெல்வின் அணியின் அலுவலகத்துக்குப் போனார். ராஃபர்ட்டி இல்லை. திருமதி ஜெலின்ஸ்கி மட்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மெல்வின் கட்டில் ரசீது, பால் ரசீது, மிச்சமிருந்த பதினோரு டாலர் எல்லாவற்றையும் மேசையில் வைத்தார்.

"ராஃபர்ட்டி சார்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க. நான் கடைக்கே போறேன்."

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மெல்வின் படித்தார். மறுபடியும் படித்தார். நிரந்தர வேலை. சம்பளம் லினோலியத்தைப் போல இரண்டு மடங்கு. கீழே ராஃபர்ட்டி கையாலேயே எழுதியிருந்தார்: 'எதையும் மாத்திக்காதே.'

"அம்மா, இதுல ஏதோ தப்பு இருக்கு. என்னால ஒரு ஆளை ஒளிச்சு வைக்க முடியலை. மொத்த ஊரும் பார்த்துச்சு. டல்சாக்காரன் கொத்திட்டுப் போயிட்டான். எல்லாத்தையும் கெடுத்துட்டேனே!"

திருமதி ஜெலின்ஸ்கி தட்டச்சை நிறுத்தாமலே சொன்னாள்:

"கெடுக்கத்தானே தம்பி உங்களை அனுப்புனோம்; ஒளிக்க வேண்டிய டில்லரி பையன் ஒரு வாரமா என் வீட்டு மாடியிலதான் தூங்கிட்டிருக்கான்."