லீடரைக் கூட்டிப்போக வர வேண்டாம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம். ஆட்டுக்குட்டிகள் ஏழும் துள்ளல் குறையாமல் இருக்கின்றன. உங்கள் நலமறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், நீ கொடுத்த நாய்க்கு ஆடு ஓட்டும் வேலை இன்னும் வரவில்லையென்றால் உன் பண்ணைக்கே திரும்பக் கூட்டிப்போவதாகவும் போனில் சொன்னாய். "பாவம் அத்தான், குட்டிங்களை வெச்சுக்கிட்டுத் திண்டாடுறீங்க" என்றாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் நான். ஆயிரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவனுக்கு ஏழு குட்டியும் எட்டு மாத நாயும் எம்மாத்திரம்?

முதல் நாள் பட்டி வாசலில் நின்று ஊதினேன். இரண்டு குட்டிகள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறின, ஒன்று என் ஸ்கூட்டர் சீட்டில் நின்று கண்ணாடியில் முகம் பார்த்தது, லீடர் (நாய்க்கு நான் வைத்த பெயர்) கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பது அன்றே உறுதியாயிற்று. இரண்டாம் நாள் குட்டிகளை விட்டுவிட்டு, துணி காயப்போட வந்த உன் அக்காவை முட்டி முட்டிப் பட்டிக்குள் தள்ளிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் தபால்காரர். மனிதர் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "சார், நான் ஆடு இல்ல சார், கவர்மெண்ட் சார்!" என்று கத்தியும் லீடர் விடவில்லை. அவர் கையிலிருந்த வாரப் பத்திரிகையில் உன் அக்கா படிக்கும் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் கருப்புக் குட்டி தின்றுவிட்டது. "அதுக்கு என்னத்தைத்தான் சொல்லிக் கொடுக்கறீங்க?" என்று கேட்டாள். ஒழுங்கு, என்றேன். வெளியே திரிவதை உள்ளே சேர்க்க வேண்டும் என்பது அதற்குப் பிடிபட்டுவிட்டது. யார் ஆடு, யார் இல்லை என்பது அடுத்த பாடம்.

சாயங்காலம் பால் புட்டியோடு உட்கார்ந்தால் குட்டிகள் மடியில் ஏறி விழும். லீடர் என் செருப்பின் மேல் தாடையை வைத்துக்கொள்ளும். ரிட்டயர் ஆன பிறகு எனக்காக யாரும் காத்திருந்ததில்லை, மச்சான். லீடரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை. இன்று நான் விசில் ஊத, ஏழும் உள்ளே இருந்தன. எல்லாம் என் பயிற்சி. ஆகவே நீ வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போ, நாய்ப் பேச்சை மட்டும் எடுக்காதே.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தினமும் குனிந்து கால்விரலைத் தொடச் சொல், முழங்கால் மடங்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அத்தான்,
உடற்பயிற்சி ஆசிரியர் (ஓய்வு)

பி.கு.: இதைப் பட்டிக்குள் இருந்து எழுதுகிறேன். தபாலில் போடக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே வந்தேன். லீடர் ஏழு குட்டிகளையும் பட்டிக்குள் ஓட்டியது, எட்டாவதாக என்னையும். கதவை ஒரு முட்டு முட்டியதில் வெளிக்கொண்டி விழுந்துவிட்டது. விசில் ஊதினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அது ஒரு நாளும் விசிலுக்குத் திரும்பியதில்லை. அது குட்டிகளைச் சேர்த்து முடித்த பிறகுதான் நான் ஊதுவேன். உன் அக்கா வந்தாள். வேலிக்கு வெளியே நின்று எட்டு வரை எண்ணினாள். "வேலை நல்லா வந்துடுச்சு, இனிமே இங்கேயே இருக்கட்டும்னு தம்பிக்கு எழுதுங்க" என்றாள். லீடருக்கு ஒரு ரொட்டித் துண்டு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். கொண்டியைத் தொடவில்லை.