கோடு காட்டிய கூட்டம்

அரியநாயகத்தாருக்கு மூன்று நாளாக ஒழுங்கான நித்திரை இல்லை. ஆலடிப் பிள்ளையார் தேருக்கு இன்னும் நான்கு நாள்தான். கைத்தொலைபேசியில் அந்தக் கோடு ஏறிக்கொண்டே போனது.

சனம் இணையத்தில் எதைத் தேடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் பக்கம் அது. கோயில் செயலாளர் அல்லவா, கோயில் பெயரை இட்டுப் பார்த்திருந்தார். கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ விபரம் இருந்தது. கண்ணாடி கையில் இல்லாததால் விட்டுவிட்டார்.

"போன வருசத்தைவிடப் பத்து மடங்கு ஏறிட்டுது," என்றார் மனைவியிடம். "கோயிலடி ஒழுங்கை இவ்வளவு சனத்தைத் தாங்காது மீனாம்பிகை. ஆரும் நசிபட்டால் என்ரை தலைதான் உருளும்."

"போன வருசம் வடம் பிடிக்க ஆளில்லாமல் பந்தல் போட வந்த ஆக்களைக் கெஞ்சினனீங்கள்."

"அது போன வருசம்."

வரும் சனத்துக்குக் குடிக்க மண்கும்பானில் இருந்து இரண்டு பவுசர் வண்டித் தண்ணீருக்குச் சொன்னார். அரை மைலுக்கு முன்னரே வாகனங்களை மறிக்கக் கயிறு கட்டுவித்தார். கோடு இறங்கவில்லை. கடைசியில் நேரலை எடுக்க யாழ்ப்பாணத்தில் ஆள் பிடித்துவிட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"வெளியாக்கள் கனபேர் வருகினம். ஊர்ச்சனம் தயவுசெய்து வீட்டில இருந்து நேரலையில பாருங்கோ. கோயில் பெயரைத் தேடினால் வரும்."

அடுத்த நாள் கோடு செங்குத்தாக நின்றது.

"நீரும் வரவேண்டாம்," என்றார் மனைவியிடம். "நெரிசலில உமக்கு ஏலாது."

தேரன்று காலை பிள்ளையார் தேரேறிவிட்டார். வடம் மண்ணில் நீளத்துக்குக் கிடந்தது. பிடிக்க நின்றவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் பவுசர் சாரதிகள்.

"நல்ல நேரம் பத்து நிமிசத்தில முடியுது," என்றார் ஐயர். "ஆக்கள் எங்கை?"

அரியநாயகத்தார் தானும் வடத்தைப் பிடித்து இழுத்தார். சில்லு அசையவில்லை. ஒரு வருசமும் நில்லாத தேர் தான் செயலாளராக இருக்கும் காலத்தில் நின்றுவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

"ஒரு சனமும் வரேல்லையே பிள்ளை," என்றார், நேரலை எடுக்க வந்த கம்சிகாவிடம்.

அவள் கமராவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் எண்டு நாலாயிரம் பேர் இந்த நேரலையில நிக்கினம் ஐயா. ஊர்ச்சனம் எங்கை எண்டு கேக்கினம். ஊர்ச்சனமும் இதில நிண்டு அதைத்தான் கேக்குது."