மோதிரத்துக்குப் பதிலாக ஒரு ஹெட்போன்

வைத்தியரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். வக்கீலிடம்கூட முக்கால்வாசி சொல்லிவிடுகிறோம். ஆனால் ஹெட்போன் விற்கிற கடையில் நின்று, "நீங்க இன்னா மாதிரி பாட்டு கேப்பீங்க?" என்று கடைக்காரர் கேட்டால் மட்டும் நம்மில் ஒருவரும் உண்மை பேசுவதில்லை. நான் பேசவில்லை. அதனால் குருவிநத்தத்தில் ஒரு தெரு முழுக்க தீபாவளியன்று அடுப்பை அணைத்தது.

நான் வில்லியனூரில் ஒரு பெயின்ட் கடையில் விற்பனையாளன். பத்தாவதோடு படிப்பு நின்றது. மீதியெல்லாம் வாய்தான் சம்பாதித்தது. வருகிறவர் வீட்டையே பார்க்காமல் அவர் ஹாலுக்கு எந்த நிறம் எடுக்கும் என்று சொல்லிவிடுவேன். (அவர்கள் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று நான் விசாரிப்பதில்லை.) கல்யாணமான புதிதில் இந்த வாயைப் பற்றி என் மாமனார் என் மனைவி ரேவதியிடம் ஒரு கருத்து சொல்லியிருந்தார்.

"பேசறாரு, பேசறாரு, பேசினே கீறாரு. ஒரு நல்லது கெட்டதுன்னா கூடமாட ஒத்தாசைக்கு நிப்பாரா?"

நான் பக்கத்து அறையில் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பித்தான் ஓட்டை தள்ளிப் போய்விட்டது. அன்று முடிவு செய்தேன். இந்த மனுஷர் முன்னால் ஒரு வேலையையாவது நின்று முடித்துக் காட்டாமல் விடுவதில்லை.

தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். மாமனார் குருவிநத்தத்தில் கரும்பு வைத்திருந்தார். ரெண்டு கிராமில் ஒரு மோதிரத்துக்குப் பணம் எடுத்து வைத்திருந்தார். நான்தான், "மோதிரம் எதுக்கு மாமா? பெயின்ட் டப்பா தொறக்கறப்போ ஒரே கறையாயிடும். காதுல போடற மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் காதையே பார்த்தார். "கடுக்கனா மாப்ள?"

ஹெட்போன் என்று விளக்கினேன். காதுக்குள் செருகுகிற சின்னது இல்லை, காதையே மூடுகிற பெரியது. மோதிரக் காசு மொத்தத்துக்கும் ஒரு ஹெட்போன் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை கேட்டுவிட்டாரே, என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வில்லியனூர் வரைக்கும் வந்தார்.

எனக்கு எதற்கு அத்தனை பெரிய ஹெட்போன் என்றால், அங்கேதான் ரகசியம். எனக்கு ஒப்பாரி பிடிக்கும். ஆமாம், சாவு வீட்டு ஒப்பாரிதான். வேறெந்தப் பாட்டிலும் ஜனங்கள் இவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை. 'எலுமிச்ச வெச்ச ராசா, பழம் பறிக்கும் முன்னாடியே பயணம் பொறப்பட்டியே' என்று ஒரு அம்மா இழுத்தால், எனக்கு அது முழு விருந்து. நெட்டில் தேடித் தேடி அறுபது எழுபது ஒப்பாரி போனில் சேர்த்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு தடவை சத்தமாக வைத்து, எங்கம்மா துடைப்பத்தோடு வந்ததிலிருந்து, யாருக்கும் தெரியாமல் கேட்க ஒரு வழி வேண்டியிருந்தது.

சலீம் பாயின் ஹெட்போன் கடையில் கூட்டமில்லை. பாய் பொருளைத் தள்ளிவிடுகிற ஆள் அல்ல. பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி விசாரிப்பார்.

"இன்னா தம்பி பாட்டு கேப்பீங்க? எங்க உக்காந்து கேப்பீங்க? பக்கத்துல யாரு இருப்பா? இந்த மூணையும் சொல்லிட்டு அப்பறம் காசச் சொல்லுங்க."

பக்கத்தில் மாமனார் நிற்கிறார். கல்யாணமாகி நாலு மாசம். அவர் முகத்துக்கு நேரே நின்று 'ஒப்பாரி கேட்பேன்' என்று எந்த மாப்பிள்ளையால் சொல்ல முடியும்?

"மெலடி பாய்" என்றேன். "வீணை, புல்லாங்குழல். தனி ரூம்ல, அமைதியா."

மாமனார் என்னை முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தார்.

பாய் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று, பின்பக்கம் கெட்டியாக மூடியது. இன்னொன்றுக்குப் பின்பக்கம் மைக் தலை மாதிரி வலை. "மூடினது போட்டா சத்தம் உள்ளயே நிக்கும். பஸ்ல, வூட்ல, நாலு பேர் நடுவுல கேக்கறவங்களுக்கு இதான். அடி அதிகமா இருக்கற பாட்டுக்கும் இதான் தோது. இந்த வல வெச்சது, தனியா கீறவங்களுக்கு. வீணைய எதுத்தாப்ல உக்காந்து கேக்கற மாதிரி இருக்கும். ஆனா சத்தம் வெளிய கசியும் தம்பி, அது ஒண்ணு. இன்னொண்ணு, இதுல வெல ஜாஸ்தியானத வாங்காதீங்க, உங்க போனால அத இழுக்க முடியாது, ஃபுல் வால்யூம் வெச்சாதான் கேக்கும். நடுவுல கீறத எடுங்க, மீதிக் காசுக்கு மாமாவுக்கு ஒரு வேட்டி எடுங்க."

மாமனார் மூடியதைத் தலையில் மாட்டிப் பார்த்தார். பாய் பாட்டைத் தட்டினார்.

"நல்லா கேக்குது மாப்ளே!" என்று கடைத்தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். எதிரே பழக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

நான் என்ன செய்தேன்? வாடிக்கையாளருக்கு நிறம் சொல்கிற அதே தைரியத்தோடு, வலை வைத்ததில் இருப்பதிலேயே விலை உயர்ந்ததை எடுத்தேன். பார்க்க அதுதான் கம்பீரமாக இருந்தது. "சத்தம் கசியும் தம்பி" என்று பாய் மறுபடி சொன்னார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா பாய்?" என்றேன். (அது வரைக்கும் என் வாழ்க்கையில் நான் மாட்டியிருந்த ஹெட்போன்களின் எண்ணிக்கை: ஒன்றுமில்லை.)

மாமனார் வீட்டில் தீபாவளி விடிந்தது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இட்லி, கறிக்குழம்பு. சாப்பிட்டு முடிக்கும்போது எட்டரை. மாமியார் பின்கட்டில் வடை சுட உட்கார்ந்தார். மாமனார் தெருவில் சரவெடியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் என் அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்து ஹெட்போனை மாட்டினேன்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, என் அறை ஜன்னலும் மாமியாரின் அடுப்படி ஜன்னலும் ஒரே சந்துப் பக்கம் பார்த்தவை. சந்துக்கு அந்தப் பக்கம் மாமனாரின் பெரியப்பா கோதண்டத்தின் வீடு. இரண்டு, கோதண்டம் பெரியவர் பதினைந்து நாளாகக் காய்ச்சலில் படுத்த படுக்கை. பங்காளி வீடு, அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த வீட்டில் பண்டிகை கிடையாது, அடுப்புகூட எரியக்கூடாது. தீபாவளி தாண்டட்டும் என்று எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

பாய் சொன்னபடியே போனுக்குச் சக்தி போதவில்லை. ஃபுல் வால்யூம் வைத்தேன். ஆகா! ஒப்பாரி பாடுகிற அம்மா என் எதிரே தலைவிரித்து உட்கார்ந்து அழுவது போலவே இருந்தது.

'தங்கத் தூணு சாஞ்சிடுச்சே, தாங்க எனக்கு ஆளு இல்லியே...'

எனக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது ரேவதி வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஹெட்போனைச் சட்டென்று கழுத்துக்கு இறக்கினேன், பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சாங்க?" என்றாள். என் கன்னத்தைப் பார்த்து அவளும் அழ ஆரம்பித்தாள். "பெரிய தாத்தா போயிட்டாரு. அம்மாவுக்குச் சந்து பக்கமா அழுவுற சத்தம் கேட்டுதாம்."

ஒரு நொடி எனக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் அவள் அடுத்துச் சொன்ன வார்த்தையில் மற்றதெல்லாம் மறந்து போனது.

"அப்பா ஒண்ணும் ஓடாம நிக்கறாருங்க. நீங்கதான் கூட நிக்கணும்."

நல்லது கெட்டது! இதோ வந்துவிட்டதே!

வெளியே வந்தேன். மாமியார் எண்ணெய்ச் சட்டியை இறக்கி அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருந்தார். மாமனார் கையிலிருந்த ஊதுவத்தியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்து, "வெடி வுடாதீங்கபா, பெரியப்பா தவறிட்டாரு" என்றார். எதிர்வீடு அடுப்பை அணைத்தது. அதற்கடுத்த வீடு அணைத்தது. தெருக்கோடி வரை சேதி போய்விட்டது.

"மாமா, நீங்க கவலைய வுடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். போனை எடுத்தேன். பாகூரில் ஐஸ் பொட்டி வாடகைக்கு விடுகிற ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. எங்கள் கடையில்தான் அந்தப் பெட்டிக்குப் பெயின்ட் வாங்குவார்.

"பாடி ஆம்பளயா, பொம்பளயா?"

"ஆம்பள. எண்பத்தஞ்சு வயசு. உடனே அனுப்புங்க."

"ஒசரம்?"

நான் தயங்கவே இல்லை. "நடு சைஸ் போதும்."

பேசி முடித்துப் போனைப் பையில் போட்டேன். மாமனார் என் தோளில் கை வைத்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கையின் கனத்துக்காக நான் இன்னும் இரண்டு பெட்டி வரவழைத்திருப்பேன்.

பெண்கள் முன்னால், நாங்கள் பின்னால், தெருவே கூட வர, பெரியவர் வீட்டுக்கு நடந்தோம். மாமியார் வாசலிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு ஓடினார். போன் பேச்சு முடிந்ததும் பாட்டு தானாக மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. அந்த அழுகையில் எனக்கு எங்கே தெரிந்தது? "கிட்ட வர வர சத்தம் அதிகமா கேக்குதே" என்று மாமனார் தழுதழுத்தார். ஆமாம் மாமா என்று நானும் தலையாட்டினேன்.

உள்ளே நுழைந்தோம்.

கோதண்டம் பெரியவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் தட்டு. தட்டில் இட்லி. பக்கத்தில் அவர் மனைவி சின்னக் கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். பதினைந்து நாளில் அன்றுதான் காய்ச்சல் விட்டு வாய்க்கு ருசி தெரிந்திருக்கிறது.

மாமியாரின் அழுகை பாதியில் நின்றது. பின்னால் வந்த முப்பது பேரும் நின்றார்கள். பெரியவர் எல்லோரையும் பார்த்தார்.

"யாருடா போனது?"

அழுகை ஓய்ந்த வீட்டில், மெல்லிசாக, கொசு அழுவது போல ஒரு குரல் கேட்டது.

'தங்கத் தூணு சாஞ்சிடுச்சே, தாங்க எனக்கு ஆளு இல்லியே...'

முப்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். பிறகு, ஒருவர் பின் ஒருவராக, என் கழுத்தைப் பார்த்தார்கள்.

"மாப்ள," என்றார் மாமனார், மிக நிதானமாக. "இதான் வீணையா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஹாரன் அடித்தது. குட்டியானை வண்டியில் ஐஸ் பொட்டி. பண்டிகை நாளிலும் அரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார், புண்ணியவான். உள்ளே எட்டிப் பார்த்து, "பாடி எங்க சார்?" என்றார். என் கை தானாகப் பெரியவர் பக்கம் நீண்டுவிட்டது. பெரியவர் இட்லியை மென்றுகொண்டே அவருக்குத் தலையசைத்தார்.

என் வாழ்க்கை அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். கோதண்டத்தின் மனைவி எழுந்து வந்தார். அறைவார் என்று கன்னத்தைத் தயார் செய்தேன். அவர் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "செத்துட்டதா பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரருக்கு இன்னும் பத்து வருசம் எழுதிட்ட சாமி" என்றார். அதற்குள் பெரியவர் கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு நடந்து (பதினைந்து நாளில் முதல் நடை) பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எவன்டா அளவு சொன்னது? இதுல நான் கால நீட்ட முடியாதே!"

அங்கே ஒருவர் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்காரருக்கு வந்துபோன செலவைக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பேசினே கீற ஆளுன்னு நெனச்சேன் மாப்ள," என்றார். "நின்னு வேலயும் பாக்கறீங்க. இனிமே கொஞ்சம் பேசினே இருங்க." அப்புறம்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு மத்தியானம் வரை நிற்கவில்லை. மாமியார் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார்.

பெரியவர் என் கழுத்திலிருந்ததைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். முழு ஒப்பாரியையும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எம்பொண்டாட்டி இவ்ளோ நல்லா அழுவ மாட்டா" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "எனக்கும்தான் கேக்குதே, பாத்துக் கத்துக்கறேன்" என்றார். அந்த ஹெட்போன் பிறகு என் தலைக்குத் திரும்பவே இல்லை. ஒப்பாரி எல்லாம் இருந்த மெமரி கார்டையும் ஒரு பழைய போனையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் நான் நடுத்தர விலையில், மூடியது ஒன்று வாங்கினேன். சலீம் பாயிடம், "ஒப்பாரி பாய், வூட்ல நாலு பேர் நடுவுல" என்று உள்ளதைச் சொன்னேன். பாய் முகம் மாறவே இல்லை. "அதான் தம்பி அன்னிக்கே கேட்டேன்" என்றார். இன்று அரியாங்குப்பத்திலிருந்துகூட என்னிடம் ஹெட்போன் யோசனை கேட்டு வருகிறார்கள். பெயின்ட் வாங்க வந்தவர்களையும் நான் விடுவதில்லை. எவ்வளவு காசு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பதே இல்லை. நிஜமாக என்ன கேட்பீர்கள், அது யார் காதில் விழுந்தால் உங்களுக்கு வம்பு என்று மட்டும் கேட்பேன். பாதிப் பேர் முகம் சிவந்து, மூடியதையே வாங்கிப் போகிறார்கள்.

ஆனால் அந்த வலை வைத்த ஹெட்போனுக்குப் பொருத்தமான ஆள் பெரியவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் கேட்க, பக்கத்தில் வெற்றிலை மடித்தபடி அவர் மனைவி கேட்க, ஒரே மிஷினில் இரண்டு பேருக்கு ஆகிறது. தினமும் சாயங்காலம் ஃபுல் வால்யூம். இப்போதெல்லாம் அந்தச் சந்தில் ஒப்பாரி கேட்டால் யாரும் அடுப்பை அணைப்பதில்லை. "பெரியவர் கீறாரு" என்று சொல்லிவிட்டு, மாமியார் வடையைத் திருப்பிப் போடுகிறார்.