ஜோடிக்கு ஜோடி மருந்து

ஆம்பூர்,
புதன்கிழமை

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய அத்தைக்கு, மருமகள் ஜெனிஃபா தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம் என்று எழுத ஆசைதான். பொய் சொல்ல மனசு வரவில்லை. போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள். காகிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

பிள்ளையின் நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததும், "பால் படிஞ்சிருக்குடி, துணியால தொடச்சிவுடு" என்றீர்கள். துடைத்தேன், ரத்தம் வந்தது. தேன் தடவச் சொன்னீர்கள். தடவாமலே தடவியதாகச் சொன்னேன். எனக்கும் மார்புக் காம்பில் மிளகாய் பூசியதுபோல எரிய ஆரம்பித்ததும், "ஷூ கம்பெனில ஒட்டுற சொல்யூஷன் வாசனை பால்ல எறங்கிடுச்சி, நிறுத்து" என்று ஜோலார்பேட்டையிலிருந்து கொழுந்தன் ஜெஸ்டனிடம் பவுடர் பால் டப்பாவைக் கொடுத்தனுப்பினீர்கள். பக்கத்து வீட்டு நசீமுன்னிசா அக்காதான், "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? டாக்டர்கிட்ட காட்டு" என்று இழுத்துப் போனார். டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார்: இது பூஞ்சை, பிள்ளைக்குச் சொட்டு மருந்து, எனக்குக் களிம்பு, பாலை நிறுத்தவே கூடாது. உடனே உங்கள் போன்: "களிம்பு பூசுனா பிள்ள வாய்க்குள்ள போய்டும்!" நானும் புத்திகெட்டுப்போய்ப் பூசவில்லை. அவனுக்குச் சரியாகி, என்னிடமிருந்தே மறுபடியும் ஜாஸ்தியாக வந்துவிட்டது.

இத்தனை வருஷம் ஷூ கம்பெனி பினிஷிங்கில் வேலை பார்த்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் இடது ஷூவில் பூஞ்சை பூத்தால், வலது ஷூவைத் துடைக்காமல், பெட்டியை மாற்றாமல் அனுப்புவோமா? சூப்பர்வைசர் மக்பூல் அகமது அண்ணன் லைனையே நிறுத்திவிடமாட்டாரா? பிள்ளையும் நானும் ஒரு ஜோடி, அத்தை. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்தே மருந்து நடக்கிறது. உங்கள் பிள்ளை ஜேக்கப், மருந்து புகட்டும் சங்கு, சப்பும் பொம்மை, துணிமணி என்று எல்லாவற்றையும் கொதிக்க வைக்கிறார். நேற்று அந்த வேகத்தில் அவருடைய கம்பெனி அடையாள அட்டையும் வெந்துவிட்டது. மூஞ்சியே தெரியவில்லை, கேட்டில் உள்ளே விடவில்லை.

ஆகவே நான் பால் கொடுப்பேன். யார் தடுத்தாலும் கொடுப்பேன். டப்பா இந்தக் கடிதத்தோடு ஜெஸ்டன் கையில் திரும்பி வருகிறது. என் பாலில் ஒரு குறையும் இல்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்ளும்வரை இந்தப் பக்கம் வரவேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தையும், என்னைச் சகித்துக்கொள்ளப் பொறுமையையும் தருவாராக.

அடங்காத மருமகள்,
ஜெனிஃபா

பி.கு.: எழுதி முடித்துப் பால் கொடுத்தேன். எரிச்சலில் உயிரே போய்விட்டது, அத்தை. டப்பாவைத் திறந்து கரண்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். கலக்கவில்லை. நாளைக் காலை ரயிலிலேயே வந்துவிடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அவன் குடித்து முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு திட்டுங்கள்.