கோதுமைக்கு முகம் துடைத்துவிட்ட நாள்

அன்றைக்கு செமினிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் ஏர்கோன் அறையில் இருந்தவர்கள்: என் அக்கா மகள் ரேவதி, அவளுக்குப் பேராசிரியராக இருக்கும் ஒரு சீனப் பெண்மணி, சட்டி சட்டியாகக் கோதுமைச் செடி. அப்புறம் நான். கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுபவன். மூன்றாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். (வேனைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிற ஜாதி.)

வழியெல்லாம் ரேவதி விளக்கிக்கொண்டே வந்தாள். கோதுமையில் எந்த ரகத்தின் இலை குறைவாகத் தண்ணீர் குடித்து நிறைய மணி கொடுக்கிறது என்று பார்க்கிறாளாம். இன்றைக்குப் பேராசிரியர் திருப்தியானால்தான் உதவிப்பணம் தொடருமாம். அந்தக் கடைசி வரி மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. மீதி நேரம் பின் டயரில் ஏதோ சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, பேராசிரியரைக் கூட்டிட்டு வரேன். ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திடாதீங்க" என்று என்னைச் செடிகளோடு அறையில் விட்டுவிட்டுப் போனாள்.

சத்தியமாக ஊற்றவில்லை. ஆனால் ஒரு வரிசை மட்டும் பவுடர் அப்பிய மாதிரி வெள்ளையாக நின்றது. தொட்டால் விரலில் வந்தது. புகைமூட்டச் சாம்பலோ, பூஞ்சணமோ, பேராசிரியர் பார்த்தால் பிள்ளையின் பணம் போச்சு. வேன் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கிற வெட் டிஷ்யூவை எடுத்துவந்து, இலை இலையாக, முன்னும் பின்னும் துடைத்தேன். பாதி வரிசையில் டிஷ்யூ தீர்ந்தது.

கதவு திறந்தது. எல்லாம் க்ளீன் லா என்று பெருமையாகச் சொன்னேன்.

ரேவதி துடைத்த இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். "மாமா, அந்த வெள்ளை, இலையோட மெழுகு. அதுதான் இலையில ஈரம் காயாம காப்பாத்துது. அதைத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன்."

வேனில் பேபி பவுடர் இருக்கிறது, போட்டுவிடவா என்று நான் கேட்டதாகச் சொல்கிறார்கள். (கேட்டேன்தான்.)

பேராசிரியர் திட்டவில்லை. எதெதைத் துடைத்தீர்கள் அங்கிள் என்று மலாயில் கேட்டார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவற்றுக்குத் தனி அடையாளம் போட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் விடச் சொன்னார். அறுவடையில், துடைத்தவை சீக்கிரம் வாடி, சப்பை மணி கொடுத்திருந்தன. துடைக்காதவை நன்றாகத் திரண்டிருந்தன. ரேவதிக்கு ஓர் அத்தியாயமே கிடைத்தது, பணமும் தொடர்ந்தது.

எனக்குக் கிடைத்தது வேறு. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து இலையைத் துடைக்கக் கையை நீட்டினால் போதும், அக்கா குடும்பமே சோற்றை விட்டுவிட்டு என்னைப் பார்க்கும்.

"பேராசிரியர்கிட்ட கேட்டுட்டீங்களா மாமா?" என்பாள் ரேவதி.

இப்போதெல்லாம் துடைக்காமலே சாப்பிடுகிறேன். பிறகு, வயிறு வலிக்கிறதா என்று கவனித்துக்கொண்டே கிள்ளான்வரை வேனை ஓட்டுகிறேன்.