நவுரு அண்ணாச்சியும் என் குன்றும்

பசிபிக் கடலில் கிடக்கும் நவுரு என்ற தீவுக்காக ஆரியசாலைக் கடைத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எனக்கே வந்து வாய்த்தார்.

திருநெல்வேலிக்காரர். உரக்கடை வைத்திருக்கிறார். தான் விற்கும் பாஸ்பேட்டின் பூர்வீகத்தை என்றைக்கோ படித்துத் தொலைத்தார்; அன்றிலிருந்து நவுரு அண்ணாச்சி ஆகிவிட்டார். ரோஜாச் செடிக்குக் கொஞ்சம் உரம் கேட்டுப் போனாலும் தப்ப முடியாது.

“இத்தினியூண்டு தீவு வே! வெள்ளக்காரன் வந்தான், மண்ணு பூரா உரம்னு கண்டுபுடிச்சான். தோண்டித் தோண்டிக் கப்பல்ல ஏத்திட்டான். எதுக்கு? அவன் வயலு பச்சையா இருக்க! அந்த ஊர்க்காரனுக்கு மிச்சம் என்ன? வெறும் கல்லு!”

“அப்புறம் சுதந்திரம் கிடைச்சுதே, அண்ணாச்சி?”

“கிடைச்சுது. அவனும் தோண்டி வித்தான். பெரிய பணக்காரன் ஆனான். மண்ணும் தீந்துச்சு, காசும் தீந்துச்சு. ரெண்டு பேரையும் செருப்பால அடிக்கணும்!”

அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என் ரோஜாச் செடி என்ன செய்யும்? “சாணி போடும் வே” என்று விரட்டிவிடுவார்.

இப்படிப்பட்டவரை வீட்டு வேலை தொடங்கும் நாளில் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்து வித்துராவில் சின்னக் குன்று ஒன்றை வாங்கியிருந்தேன். எனக்கு மூட்டுவலி. குன்றை வெட்டிச் சமமாக்கிப் படியே இல்லாத வீடு கட்டுவதாகத் திட்டம். ஜேசிபிக்குக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. தேங்காயைக் கையில் வாங்கிய அண்ணாச்சி, “மண்ணு எங்க போகுது?” என்றார்.

“பக்கத்துல ஒரு வயலைத் தூர்க்கக் கேட்டிருக்காங்க.”

அவ்வளவுதான். வெள்ளை வேட்டியோடு போய் ஜேசிபியின் பக்கெட்டுக்குள் உட்கார்ந்துவிட்டார்.

“நவுருவத் தோண்டினவன் வெள்ளக்காரன். உமக்கு என்னவே வந்துச்சு? இந்தத் தேங்காய யாரு மண்டையில உடைக்க?”

“எறங்குங்க அண்ணாச்சி!”

“எந்தாயாலும் எறங்க மாட்டேன், என்ன ஆனாலும் சரி. என்னையும் சேத்து லாரியில கொட்டும்!”

டிரைவர் தென்காசிக்காரர். எஞ்சினை அணைத்துவிட்டுப் பூஜைப் பொரியை அவரிடம் நீட்டினார். அண்ணாச்சி பொரியைத் தின்றபடி நவுரு சரித்திரத்தை முதலிலிருந்து தொடங்கினார். மத்தியானம் டிரைவர் என்னிடம், “சார், அண்ணாச்சி சொல்றதும் செரிதானே?” என்று கேட்டார். அவரைப் பத்திரமாக இறக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டார். நான் அமர்த்திய ஆள், நான் வாங்கிய பொரி!

வேறு எந்த வண்டியும் வரவில்லை. வந்தால் அண்ணாச்சியும் வருவார் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. வீடு குன்றின் மேலேயே நிற்கிறது, ஏகப்பட்ட படிகளோடு. அவரைத் திட்டிக்கொண்டேதான் தினமும் ஏறுகிறேன். மூட்டு விண்விண்ணென்று வலிக்கிறது, யாரிடம் போய்ச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சி வருவார். வயதாகிவிட்டது, ஒரே மூச்சில் ஏற முடிவதில்லை. பாதிப் படியில் அவருக்காக ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். மழை வந்தால், அது நனையாமல் எடுத்து வைக்க நானே இறங்கிப் போகிறேன்.